4 டெராபைட் வட்டில் எத்தனை கோப்புகள்? வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் எண்ண வழி உண்டா?

வருடிக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் மின்வருடிப் பாதுகாத்துத் தரும் சிறிய கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வேண்டிய மென்பொருளையும் நானே எழுதி வருகிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் வெளிப்புற வன்தட்டைக் கணினியில் செருகியதும், அதில் எத்தனை கோப்புகள் உள்ளன என்று எண்ணி, அந்த எண்ணை ரசீதில் அச்சிட்டு, அவரிடம் கையொப்பம் வாங்குவது எங்கள் வழக்கம். வட்டைத் திருப்பித் தரும் நாளில் மறுபடியும் எண்ணி, இரண்டு எண்களும் ஒத்துப்போவதை அவர் கண்முன்னே காட்டுவோம். எங்களை நம்பிப் படங்களைக் கொடுப்பவர்களுக்கு நாங்கள் தரக்கூடிய உறுதி அந்த எண்தான்.

சென்ற வாரம் பெரியவர் ஒருவர் 4 டெராபைட் வட்டு ஒன்றைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். குடும்பப் படங்களும், அவர் செயலாளராக இருந்த சங்கத்தின் நிகழ்ச்சிப் படங்களும், வீட்டில் இதுவரை இருந்த கணினிகளின் சி டிரைவ்களை அப்படியே எடுத்துவைத்த நகல்களும் அதில் இருந்தன. ஏறத்தாழ 1.8 மில்லியன் கோப்புகள், 45,000 கோப்புறைகள். எண்ணி முடிக்க 11 நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் அவர் முகப்பிலேயே நின்றுகொண்டு, திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

நிரல் சி ஷார்ப்பில், டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8, விண்டோஸ் ஃபார்ம்ஸ் கொண்டு எழுதியது. முதலில் டைரக்டரி.கெட்ஃபைல்ஸ் என்ற ஒரே அழைப்பில் எல்லாத் துணைக் கோப்புறைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறையை எட்டியதும் அனுமதி இல்லை என்ற பிழையோடு எல்லாமே நின்றுவிட்டது. ஆகவே ஒவ்வொரு கோப்புறையாக நானே இறங்கி, பிழை வந்தால் ட்ரை-கேட்ச் மூலம் தாண்டிச் செல்லும்படி மாற்றினேன். அந்த 11 நிமிடம் இந்த வடிவத்துக்கு ஆனது. வியப்பு என்னவென்றால், வட்டைக் கழற்றாமல் உடனே மறுபடி ஓட்டினால் 40 விநாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது.

வட்டில் எத்தனை பைட் நிரம்பியிருக்கிறது என்று கேட்டால் விண்டோஸ் நொடியில் சொல்லிவிடுகிறது. அதுபோல் கோப்புகளின் எண்ணிக்கையையும் எங்காவது எழுதி வைத்திருக்காதா? இல்லையென்றால், பல இழைகளில் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் நிரல் பகுதிகளில்) எண்ணினால் வேகம் கூடுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஈசூன் நிரலர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சுழலும் வட்டில் பல இழைகளைப் பயன்படுத்த வேண்டாம். எஸ்எஸ்டி என்றால் நான்கைந்து இழைகள் உண்மையிலேயே உதவும். சுழலும் வட்டில் படிக்கும் முனை ஒன்றாகத்தான் நகர்கிறது; நான்கு இழைகள் நான்கு மூலைகளுக்கு அதை இழுத்தால் நேரம் கூடத்தான் செய்யும்.

உங்கள் 11 நிமிடம் எங்கே போகிறது என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறக்குறைய 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். முனை தடம் மாறுவதற்கு ஒரு 10 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கோப்புறையின் பட்டியலைத் திறக்க, பின்னத்தை விட்டுவிட்டால், 15 மில்லிவிநாடி ஆகிறது. 45,000 கோப்புறைகளுக்கு 675 விநாடி, அதாவது 11 நிமிடமும் கொஞ்சமும். உங்கள் அளவீட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறது பாருங்கள். கோப்புகள் எத்தனை என்பதைவிடக் கோப்புறைகள் எத்தனை, அவை வட்டில் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதே நேரத்தை நிர்ணயிக்கிறது. இரண்டாம் முறை வேகமாக முடிவதற்குக் காரணம், அந்தப் பட்டியல்களை விண்டோஸ் நினைவகத்தில் வைத்திருப்பதுதான். ஆகையால் எந்த மாற்றத்தைச் சோதித்தாலும் ஒவ்வொரு முறையும் வட்டைக் கழற்றிச் செருகிய பிறகே அளந்து பாருங்கள். இல்லையென்றால் மாற்றத்தால் வந்த வேகத்தையும் நினைவகத்தால் வந்த வேகத்தையும் பிரித்தறிய முடியாது.

நிரலில் திருத்த வேண்டியவையும் சில உண்டு. கெட்ஃபைல்ஸ் எல்லாப் பாதைகளையும் ஓர் அணியில் நிரப்பிய பிறகுதான் திரும்பி வரும். ஒரு பாதைக்குச் சராசரியாக 100 எழுத்துகள் என்றால், 1.8 மில்லியன் பாதைகளுக்கு ஏறக்குறைய 400 மெகாபைட் நினைவகம் வெறும் எண்ணிக்கைக்காக வீணாகிறது. டாட் நெட் 4 முதல் இருக்கும் எனுமரேட்ஃபைல்ஸ் ஒவ்வொன்றாகக் கொடுப்பதால் அந்தச் சுமை இல்லை. இன்னும் கீழே இறங்கத் தயங்காதவர் என்றால், ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்எக்ஸ் அழைப்பில் ஃபைண்ட்எக்ஸ்இன்ஃபோபேசிக் என்ற நிலையையும் பெரிய இடையகம் (தரவை வாங்கிவைக்கும் தற்காலிக நினைவிடம்) கேட்கும் கொடியையும் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் 7 முதல் இவை உள்ளன. முதலாவது 8.3 எனப்படும் பழைய பாணிக் குறும்பெயரைத் தேடும் வேலையைத் தவிர்க்கிறது; இரண்டாவது ஒரே அழைப்பில் அதிக உள்ளீடுகளை வாங்கிவருகிறது. அது தரும் பதிவிலேயே கோப்பா, கோப்புறையா, அளவு என்ன என்பதெல்லாம் இருக்கிறது; அதை விட்டுவிட்டு ஒவ்வொரு பெயருக்கும் ஃபைல்இன்ஃபோ உருவாக்கிப் பண்புகளை மறுபடி கேட்பதுதான் நான் பலருடைய நிரல்களில் பார்க்கும் பெரிய விரயம். ஆனால் மேலே சொன்ன 15 மில்லிவிநாடியை இவை எதுவும் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். எண்ணிக்கை உங்களுக்கு எதற்கு? நகலெடுக்கும்போது முன்னேற்றப் பட்டை காட்டுவதற்காக மட்டும் என்றால் எண்ணவே வேண்டாம். மொத்த அளவிலிருந்து காலியிடத்தைக் கழித்தால் நிரம்பிய பைட்டுகள் உடனே கிடைக்கும். பட்டையைப் பைட் கணக்கில் நகர்த்துங்கள். படம் ஒன்று 5 மெகாபைட்டாகவும் காணொளி ஒன்று 5 கிகாபைட்டாகவும் இருக்கும் வட்டில், கோப்புக் கணக்கில் நகரும் பட்டையைவிட அது நேர்மையாகவும் இருக்கும்.


வருடிக்கடை எழுதியது:

மிக்க நன்றி. அந்த 675 விநாடிக் கணக்கைப் படித்தபோது பல மாதக் குழப்பம் தீர்ந்தது. முன்னேற்றப் பட்டையை இன்றே பைட்டுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் ரசீதுக்கு எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். அதுவும் துல்லியமாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. டாட் நெட் 8இல் சோதனை நிரல் ஒன்று எழுதி, அதிலுள்ள எனுமரேஷன்ஆப்ஷன்ஸ் வகுப்பைப் பயன்படுத்திப் பார்த்தேன். அனுமதியில்லாத கோப்புறைகளைத் தானே தாண்டிச் செல்வதால் நிரல் மிகச் சுருக்கமாக முடிந்தது. எண்ணிக்கையோ பழைய நிரல் தந்ததைவிட 300,000க்கும் மேல் குறைவாக வந்தது. ஒரே வட்டு, ஒரே நாள். எதை நம்புவது?


வட்டுப் பொறியாளர் எழுதியது:

தம்பி, அந்த 300,000 எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எனுமரேஷன்ஆப்ஷன்ஸ் வகுப்பில் எந்தப் பண்புள்ளவற்றைத் தவிர்ப்பது என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மறைக்கப்பட்டவை, சிஸ்டம் என்று குறிக்கப்பட்டவை ஆகிய இரண்டையும் அது விட்டுவிடும். படக் கோப்புறைகளில் பழைய விண்டோஸ் விட்டுச்சென்ற தம்ப்ஸ்.டிபி போன்ற கோப்புகள் மட்டும் விடுபட்டிருந்தால் சில ஆயிரங்களோடு போயிருக்கும். ஆனால் மறைக்கப்பட்டது ஒரு கோப்புறை என்றால் அதற்குள் இறங்கவே இறங்காது. பெரியவருடைய வட்டில் பழைய சி டிரைவ் நகல்கள் இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? ஒவ்வொரு பயனர் கோப்புறைக்குள்ளும் இருக்கும் ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. அதன் கீழ் உள்ள மரம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. கட்டளைச் சாளரத்தில் டிஐஆர் கட்டளையை /எஸ் மட்டும் கொடுத்து ஒரு முறையும், /ஏ சேர்த்து ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இதே வகை வேறுபாடு அங்கேயும் தெரியும். தவிர்க்கும் பண்புகளைப் பூஜ்யமாக்கினால் இந்தக் குறை நீங்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. லினக்ஸின் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பில், மொத்த ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக உள்ள பதிவுகள்) எத்தனை, காலியானவை எத்தனை என்ற இரண்டு எண்களும் எப்போதும் தயாராக இருக்கின்றன. டிஎஃப் கட்டளையோடு "-ஐ" (-i) என்ற தெரிவைச் சேர்த்தால் நொடியில் வந்துவிடும், கோப்புறைகளும் சேர்ந்த கணக்காக. விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் அப்படி ஓர் எண்ணை எழுதி வைப்பதில்லை. அது வைத்திருப்பது எந்தெந்தக் கொத்துகள் (வட்டின் சிறு இடத் துண்டுகள்) நிரம்பியுள்ளன என்ற வரைபடம். நிரம்பிய பைட்டுகளை உடனே சொல்ல முடிவது அதனால்தான்.

ஆனால் என்டிஎஃப்எஸ் வால்யூமில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள் எனப்படும் ஒரே அட்டவணையில் ஒரு பதிவாவது இருக்கிறது. பதிவின் அளவு பெரும்பாலான வட்டுகளில் 1,024 பைட். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவதற்குப் பதிலாக அந்த அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகப் படித்தால், முனை அங்குமிங்கும் அலைய வேண்டியதில்லை. 1.8 மில்லியன் பதிவுகள் என்றால் 1.8 கிகாபைட்டை ஒட்டி வரும். விநாடிக்கு 120 மெகாபைட் படிக்கும் வட்டில், அட்டவணை அதிகம் சிதறாமல் இருந்தால், 15 விநாடி வேலை.

தோராயமான எண்ணே போதும் என்றால் அதையும் படிக்க வேண்டாம். எஃப்எஸ்சிடிஎல்_கெட்_என்டிஎஃப்எஸ்_வால்யூம்_டேட்டா என்ற அழைப்பு அட்டவணையின் நீளத்தையும் ஒரு பதிவின் அளவையும் உடனே தரும். வகுத்தால் உச்ச வரம்பு கிடைக்கும். அதை எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. கோப்புகளை அழித்தாலும் அட்டவணை சுருங்குவதில்லை. காலியான பதிவுகள் பிறகு வரும் கோப்புகளுக்காகக் காத்திருக்கும். முதல் 16 பதிவுகள் என்டிஎஃப்எஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டவை. துண்டு துண்டாகச் சிதறிய பெரிய கோப்பு ஒன்று பல பதிவுகளையும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்றது அந்த அட்டவணையின் பதிவுகளை வரிசையாகத் தரும் எஃப்எஸ்சிடிஎல்_எனம்_யுஎஸ்என்_டேட்டா என்ற அழைப்பு. வால்யூமையே ஒரு கோப்பைப் போலத் திறக்க வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமை தேவை, படிக்கும் அனுமதி மட்டும் கேட்டால் போதும். தொடக்க எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுத்து டிவைஸ்ஐஓகண்ட்ரோல் அழைத்தால் இடையகம் நிரம்பி வரும். 64 கிலோபைட் இடையகம் போதுமானது. அதன் முதல் 8 பைட்டுகள் அடுத்த அழைப்புக்கான தொடக்க எண். அதன் பிறகு பதிவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பதிவின் முதல் 4 பைட்டுகள் அந்தப் பதிவின் நீளம். பெயர்களின் நீளம் வேறுபடுவதால், நிலையான அளவை வைத்துத் தாண்டாமல் அந்த நீளத்தைக் கொண்டே அடுத்த பதிவுக்குச் செல்லுங்கள். முடிவை எட்டியதும் பிழை எண் 38 வரும். அது கோப்பின் முடிவைக் குறிக்கும் எண்தான், கலங்க வேண்டாம்.

எண்ணும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வட்டைச் செருகியதுமே சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறைக்குள் விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை எழுதக்கூடும். இன்டெக்ஸர்வால்யூம்கைடு என்ற கோப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் கொடுத்த நாளில் ஓர் எண்ணும் திருப்பித் தரும் நாளில் வேறோர் எண்ணும் வந்து, எதையும் தொடாத நீங்கள் விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாவீர்கள். ஆகவே அந்தக் கோப்புறையையும் மறுசுழற்சித் தொட்டியையும் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். பதிவில் பெயரும் பண்புகளும் தாய்க் கோப்புறையின் எண்ணும் இருக்கின்றன. முழுப் பாதை இருக்காது. எனவே இரண்டு அகராதிகள் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவு கோப்புறை என்றால் அதன் எண்ணையும் தாயின் எண்ணையும் ஒன்றில் எழுதுங்கள், கோப்பு என்றால் அதன் தாய்க்கு நேராக மற்றொன்றில் ஒன்றைக் கூட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு கோப்புறைக்கும் தாய்வழியே மேலே ஏறிப் போய், விலக்க வேண்டிய இரண்டில் ஒன்றின் கீழ் இருந்தால் அதன் தொகையை விட்டுவிடுங்கள். இரண்டு அகராதிகளிலும் அதிகபட்சம் 45,000 உள்ளீடுகளே இருக்கும். 1.8 மில்லியன் பெயர்களை நினைவகத்தில் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக ஒரு பொருள் வேறுபாடு. ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர் இருக்கலாம். அதை ஹார்ட் லிங்க் என்கிறோம். கோப்புறை வழியாக நடந்தால் அது இரண்டாக எண்ணப்படும். அட்டவணை வழியாகப் படித்தால் ஒன்றுதான். நாள்தோறும் மாறாத கோப்புகளை இவ்வாறு இணைத்துச் சேமிக்கும் காப்புப்பிரதி மென்பொருள்கள் உண்டு. அத்தகைய வட்டில் இரண்டு கணக்குகளுக்கும் இடையே பெரும் வித்தியாசம் வரும். இரண்டுமே சரியான கணக்குதான். ரசீதில் எது இருக்கிறது என்பதை முடிவு செய்து, கொடுக்கும் நாளிலும் திருப்பும் நாளிலும் அதே வழியில் எண்ணுங்கள்.


தெம்பனிஸ் வாசகி எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்னது அருமை. ஆனால் கடைக்கு வரும் வட்டுகள் எல்லாமே என்டிஎஃப்எஸ் ஆக இருக்காது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். வீட்டில் மேக் கணினியும் விண்டோஸ் கணினியும் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் எழுத முடிய வேண்டும் என்பதற்காக எக்ஸ்ஃபேட் அமைப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் மாஸ்டர் ஃபைல் டேபிள் கிடையாது. அந்த அழைப்பு பிழையோடு திரும்பும். டிரைவ்இன்ஃபோ வகுப்பில் அமைப்பின் பெயரைப் பார்த்து, என்டிஎஃப்எஸ் என்றால் அட்டவணை, மற்றவற்றுக்குக் கோப்புறை வழி நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வலையமைப்பில் உள்ள சேமிப்புப் பெட்டிகளுக்கும் நடைதான் வழி.

எக்ஸ்ஃபேட் வட்டில் மேக் செய்யும் ஒரு வேலையையும் கவனியுங்கள். கூடுதல் விவரங்களைச் சேமிக்க அந்த அமைப்பில் இடமில்லாததால், மேக் அவற்றைப் புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் பெயருடைய துணைக் கோப்பில் எழுதி வைக்கும். என் தந்தையின் வட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு நிழல்கோப்பு இருந்தது. 6,000 படங்கள் எடுத்தவரிடம் 12,000 கோப்புகள் என்று எழுதிய ரசீதைக் கொடுத்தால் அவர் எதை நம்புவார்? மொத்த எண்ணிக்கையோடு, படங்கள் மட்டும் எத்தனை என்பதைத் தனி வரியாக அச்சிடுங்கள். அதில் நிழல்கோப்புகள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் பெயரும் ஜேபெக் என்றே முடியும்.

கோப்புறை வழி நடக்கும்போது சந்திப்புகளையும் (வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடும் பெயர்களையும்) கவனிக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதல், பழைய டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற பெயர் யூசர்ஸ் கோப்புறைக்குப் போகும் சந்திப்பு மட்டுமே. ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் அப்ளிகேஷன் டேட்டா என்ற சந்திப்பு, தான் இருக்கும் கோப்புறையையே திரும்பச் சுட்டும். தடுக்காவிட்டால் நடை அதற்குள்ளேயே சுற்றும். ரீபார்ஸ் என்ற சிறப்புப் பண்பு உள்ள கோப்புறை சந்திப்போ குறியீட்டு இணைப்போ என்று அதன் குறிச்சொல் சொன்னால், உள்ளே இறங்காதீர்கள்.


வருடிக்கடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இரவுகள் உட்கார்ந்து அட்டவணை வழியை எழுதி முடித்தேன். வட்டைக் கழற்றிச் செருகி மூன்று முறை அளந்தேன். 21 முதல் 24 விநாடிக்குள் முடிகிறது. முதலில் இடையகத்தின் தொடக்கத்தில் இருக்கும் அடுத்த அழைப்புக்கான எண்ணை 8 பைட்டுக்குப் பதில் 4 பைட்டாகத் தாண்டியதால் பெயர்கள் எல்லாம் குழம்பி வந்தன. அதைத் திருத்தியதும் சரியானது.

ஆனால் புதிய எண்ணிக்கை பழைய ரசீதில் இருப்பதைவிட 1,140 அதிகம். ஹார்ட் லிங்க் என்றால் குறைய அல்லவா வேண்டும் என்று யோசித்து, இரண்டு வழிகளிலும் ஒவ்வொரு கோப்புறைக்கும் கிடைத்த தொகையை அருகருகே வைத்துப் பார்த்தேன். அனைத்தும் ஒரே இடத்தில் இருந்தன: பழைய கணினி ஒன்றின் பயனர் கோப்புறைக்குள் இருந்த படங்கள் கோப்புறை. அந்தக் கணினியில் இருந்த பயனர் கணக்குக்கு மட்டுமே அனுமதி கொடுக்கப்பட்டிருந்ததால், என் பழைய நிரலின் ட்ரை-கேட்ச் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. திரையிலும் சொல்லவில்லை, ரசீதிலும் சொல்லவில்லை. எண்ணிய நிரலே நகலும் எடுப்பதால், அந்த 1,140 படங்கள் நகலிலும் சேரவில்லை. நீங்கள் பதில் எழுதாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது கோப்புறை வழி நடக்கும் பகுதியிலும் திறக்க முடியாதவற்றைப் பட்டியலிட்டு, ரசீதில் தனி வரியாக அச்சிடும்படி மாற்றிவிட்டேன். படங்களின் எண்ணிக்கையும் தனி வரியில் வருகிறது. எண்ணிய முறை, விலக்கிய கோப்புறைகள் ஆகியவற்றையும் ரசீதின் கீழ்ப்பகுதியில் எழுதியிருக்கிறேன்.

பெரியவருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி, விடுபட்ட கோப்புறையைத் திறக்க அனுமதி கேட்டேன். தம் மகளின் திருமணப் படங்கள் அதில்தான் இருக்க வேண்டும் என்றார். அவற்றை நகலெடுத்து முடித்துவிட்டேன். சனிக்கிழமை அவர் வரும்போது, வட்டை அவர் முன்னிலையிலேயே மறுபடி எண்ணி, பழைய ரசீதில் எண்ணையும் காரணத்தையும் திருத்தி எழுதி, இருவரும் கையொப்பமிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். முகப்புக்கு ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.